சிற்பம் படிக்கும் நம் பிள்ளை



இந்த ஆண்டு வந்த கல்வி உதவி மனுக்களில் ஒன்று நம் குழுவை இரண்டு அமர்வுகள் உட்கார வைத்துவிட்டது. நகரியத்துப் பிள்ளை ஒருவர், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அத்தா ஒப்பந்தத் தொழிலாளி, லேத் வேலை. "சிலை செதுக்குறவனுக்கு நம்ம பைத்துல்மால் காசா, பாய்?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். உருவம் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தார். அதற்குரிய எச்சரிக்கையைக் கேட்டு அவர் கலங்கியபோது, செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் செய்யுமாறு அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது. சிற்பப் படிப்பில் தலை, உடல் வடிவங்களைக் களிமண்ணில் பிடிக்கும் பயிற்சியும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அதுபற்றி அந்தப் பிள்ளை ஆலிமிடம் கேட்டு நடக்கிறார். தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் சிற்பம் என்றாலே சிலை என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோமே, அது சரியா?

கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூண் முழுக்கப் பூவும் கொடியும் கோலமும். அகமதாபாத்தில் 1573ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட சீதி சையத் பள்ளியின் கல் ஜன்னலில் ஒரு மரமே கிளை பின்னி நிற்கிறது. இவையும் சிற்பம்தான்.

அந்தப் பிள்ளை கல்லூரி நேரம் போக, ஒரு பட்டறையில் கணினி வழிச் சிற்பவேலை கற்கிறார். முறை இதுதான். ஒரு தூணைச் சுற்றிச் சுற்றிக் கைப்பேசியில் நூறு, இருநூறு படம் எடுத்தால், கணினி அவற்றை ஒப்பிட்டு அதன் வடிவத்தைக் கட்டித் தருகிறது. அதைப் 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில் திருத்தலாம். பிறகு த்ரீ-டி பிரிண்டர், பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக வார்க்கும். அடுக்கின் கனம் 0.2 மி.மீ. என்றால், ஒரு சாண் கூட இல்லாத 10 செ.மீ. மாதிரிக்கு 500 அடுக்கு. கல்லிலோ மரத்திலோ வேண்டுமானால் சி.என்.சி. இயந்திரம் குடைந்து தரும்.

அப்படியானால் உளிக்கு என்ன வேலை என்று நாமும் கேட்டோம். அவர் குடைந்த ஒரு ஜாலித் துண்டைக் காட்டினார். நட்சத்திரத்தின் உள்மூலைகள் எல்லாம் மழுங்கியிருந்தன. சுழலும் வெட்டுமுனை உருண்டை; அதனால் கூரான உள்மூலை எடுக்க முடியாது. அங்கே உளிதான். எந்த மூலையைக் கூராக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதைக் கண்தான் சொல்லவேண்டும். அத்தா லேத்காரர் அல்லவா, இதைக் கேட்டு முதன்முறையாகச் சிரித்தார்.

சிரியாவின் பல்மைராவில் 2015இல் தகர்க்கப்பட்ட பழைய வளைவைப் புகைப்படங்களிலிருந்தே கணினியில் மீட்டு, இத்தாலியில் இயந்திரங்களால் பளிங்கில் செதுக்கி, 2016 ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். அசலைவிடச் சிறியதுதான். ஆனால் படம் எடுத்து வைத்தவர்கள் இருந்ததால் அதுவாவது முடிந்தது. நம் கடலோர ஊர்களின் கல்லுப் பள்ளிகளைச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் பூசி மூடுகிறோம்; சில இடங்களில் இடித்தே கட்டுகிறோம். அந்தத் தூண்களைப் பதிவு செய்வதுதான் இந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டிருக்கும் ஆய்வுவேலை.

பிழைப்பு? நகைப் பட்டறைகளில் இப்போது மெழுகு மாதிரியைப் பிரிண்டரிலேயே எடுக்கிறார்கள். மரக்கதவு, கல்வேலை செய்யும் இடங்களிலும் இந்தக் கைக்குத் தேவை இருக்கிறது. அரசு வேலை போல உறுதி கிடையாது. அதையும் குடும்பத்திடம் சொல்லிவிட்டோம்.

ஜகாத் கணக்கைத் தொடாமல், பொதுச் சதக்காவிலிருந்து இந்த ஆண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் தருவதென முடிவாயிற்று. கேள்வி கேட்ட மூத்தவரும் கையெழுத்திட்டார். விடுமுறைக்கு வரும்போது அந்த ஜாலித் துண்டைப் பள்ளிக்கு எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். மிஹ்ராபின் பக்கச் சுவர் அளவையும் எடுத்து வைத்திருக்கிறாராம்.