ஏற்காட்டுக் காற்றும் கார்டிசாலும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் எதிரே பஸ் ஹாரன் அடித்தபடி இறங்கினால் ஸ்டியரிங் பிடித்த கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அது அட்ரினலின், சில நிமிடத்தில் அடங்கிவிடும். அதன் பின்னாலேயே மெதுவாக ஏறுவது கார்டிசால் என்ற ஹார்மோன். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. மேலே போய் ஏரிக்கரையில் சுண்டல் தின்று முடிப்பதற்குள் அதுவும் இறங்கத் தொடங்கியிருக்கும்.

நம்பிக்கை: கார்டிசால் கெட்டது, குறைக்க வேண்டும்.

உண்மை: அது போதாமல் போனால் ரத்த அழுத்தமே நிற்காது. அதிகாலையில் ஏறுவதும் நள்ளிரவில் இறங்குவதும் அதன் இயல்பு. காலையில் ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு 'கூடுதல்' என்று பயப்பட வேண்டாம்.

நம்பிக்கை: நாலு நாள் ஏற்காட்டில் இருந்து, காபியை விட்டால் டென்ஷன் போய்விடும்.

உண்மை: 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காபிதான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இன்றும் பலருக்குச் சோறு போடுகிறது. பழக்கமில்லாதவருக்குக் காபி கார்டிசாலைச் சற்று ஏற்றும்; தினமும் குடிப்பவருக்கு அந்த ஏற்றம் வெகுவாகக் குறைந்துவிடும். மலையில் தூக்கம் நன்றாக வரும், அதுவே லாபம். ஆனால் கடன்காரர் அடிவாரத்தில்தான் காத்திருப்பார்.

நம்பிக்கை: முகம் உப்பினால் டென்ஷன், இல்லையென்றால் உடம்பு தேறிவிட்டது.

உண்மை: கல்யாண வீட்டில் "நல்லா தேறிட்டியே" என்பார்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முகம் நிலா போல வட்டமாகி, கை கால் மட்டும் மெலிந்திருக்கிறதா? வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதாக் கோடுகள்? லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா? குந்தி உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லையா? கார்டிசால் மாதக்கணக்கில் மிகுந்தால் வரும் அடையாளங்கள் இவை. 1912-இல் டாக்டர் ஹார்வி குஷிங் விவரித்த நோய். அன்றாட டென்ஷன் தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். ஊதாக் கோடு போடாது.

இந்த அடையாளங்களுக்கு மிகப் பெரிய காரணம், கார்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்துகள். உடம்பு போட வேண்டும் என்று சீட்டில்லாமல் வாங்கும் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் மாத்திரைகள்; மூட்டுவலிக்கென்று பேரில்லாத பொட்டலத்தில் வரும் பொடியில் கலந்திருப்பதும் உண்டு. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் உங்கள் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், உயிருக்கே ஆபத்து. அட்டை, பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.