பழைய கருவிக்கும் ஒரு பராமரிப்பாளர்



எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கித் தந்த செகண்ட் ஹேண்ட் கணினியில்தான் நிரல் எழுதிப் பழகினேன். அதில் ஓடுவது லினக்ஸ். ஆகவே இது எனக்கு வெறும் பாடம் அல்ல.

டிரைவர் என்றால் என்ன?

கணினியின் கெர்னலுக்கும் கருவிக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் நிரலே டிரைவர். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வளர்கின்றன. கெர்னலில் ஒரு பகுதியை மாற்றினால், அதை நம்பியிருக்கும் டிரைவரையும் மாற்றணும். கம்பைல் ஆகிவிட்டால் போதாது. உண்மைக் கருவியில் ஓட்டிப் பார்க்க ஆள் வேணும்.

பிளாப்பி தரும் பாடம்

2019-இல் பிளாப்பி டிரைவரை 'ஆர்ஃபன்', அதாவது அநாதை என்று லினஸ் டோர்வால்ட்ஸ் குறித்தார். ஓடுகிற பிளாப்பி டிரைவ் கிடைப்பதே அரிதாகிவிட்டது என்பதே காரணம். ஆனால் நீக்கவில்லை, மெய்நிகர் கணினிகளில் அந்த டிரைவருக்கு இன்னும் வேலை இருந்தது. பிறகு டெனிஸ் எஃப்ரெமோவ் என்பவர் முன்வந்து பொறுப்பேற்றார். அதற்காக எல்லாப் பழசையும் சுமக்க முடியாது. லினக்ஸ் 1991-இல் பிறந்ததே 386 கணினியில்தான். அந்த 386-க்கான ஆதரவையே 2012-இல் நீக்கிவிட்டார்கள். பயன்படுத்துபவர் வாய் திறக்காவிட்டால், பயன்படுத்துபவரே இல்லை என்றுதான் நினைப்பார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

முதலிலேயே நிரல் எழுத வேண்டாம். பழைய கருவியைப் புதிய கெர்னலில் ஓட்டி, திரையில் வரும் செய்திகளை அப்படியே எழுதி அனுப்பினால் அதுவே பெரிய உதவி. முன்பு ஓடியது இப்போது ஓடவில்லையா? 'கிட் பைசெக்ட்' முறையில் பாதி பாதியாக வெட்டித் தேடலாம். நடுவில் உள்ள மாற்றம் வரை சோதித்தால், குற்றம் முன்பாதியிலா பின்பாதியிலா என்று தெரிந்துவிடும். 1000 மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளி அகப்படும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பொறுமையும் அந்தப் பழைய கருவியும் போதும். கருவி நம்மைப் போன்றவர்களிடம்தானே இருக்கிறது!

பாளையங்கால்வாயில் வயல் வேலை பார்க்கும் எங்க அப்பா சொல்வார்: "தாமிரபரணியில தண்ணி வந்தா மட்டும் போதாதுலே, கடைமடைக்குப் போவணும்னா தூர் வாரணும்." குடிமராமத்து என்று நம் முன்னோர் ஊர்கூடிச் செய்ததும் இதுதான். புதுசு வாங்க வசதியில்லாதவன் கணினியும் கடைமடைதான், நண்பர்களே. மண்வெட்டியை நாமே எடுப்போம்!