கத்தியை எடுக்கும் முன்

கண்ணு, உன் மேசைமேல் ஒரு குட்டி எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் வந்து நிற்பதாகச் சொன்னார்கள். வெளிநாட்டு ரயிலாக வந்ததை நம் ஊர் ரயிலாக மாற்றிவிட வேண்டும் என்று உனக்குக் கை துறுதுறுக்கும். முப்பத்தைந்து வருடமாக இதே வேலையில் கிடப்பவன் நான். திருத்தியதைவிடக் கெடுத்தது அதிகம். கெடுத்ததுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது, அதனால் அதையே உனக்குச் சொல்கிறேன்.

1. முதலில் நிஜ ரயிலைப் போய்ப் பார். சிறு வயதிலிருந்து ரயிலில் போகிறோம், பார்க்காததா என்று நானும் நினைத்தேன். ஆனால் பயணிக்குத் தெரிவது பெட்டியின் உள்பக்கம். அதன் கூரையை அவன் பார்த்ததே இல்லை. நடைமேம்பாலத்தில் ஏறி நின்று கூரையைப் பார். இன்னொரு நாள் கதவுப் படிகளை மட்டும் பார். மற்றொரு நாள் அடியில், சக்கரங்களுக்கு இடையே தொங்கும் பெட்டிகளையும் குழாய்களையும் பார். ஒரு நாளைக்கு ஒன்று போதும். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. அங்கே பிறந்த பழைய வகைப் பெட்டிகளைக் கட்டுவது 2018-ல் நின்றுவிட்டது. ஓடுகிறவையும் ஒவ்வொன்றாய்க் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கும்போதே பார்த்து, நோட்டில் வரைந்து வைத்துக்கொள்.

2. தெரிந்தவரிடம் கேட்கக் கூச்சப்படாதே. பழைய அரக்கு நிறத்தில் ஒரு ஸ்லீப்பர் பெட்டி செய்தேன். மூன்று மாத வேலை. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் மெல்லிய பித்தளைக் கம்பி. எண் மட்டும் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று 05237 என ஒட்டிவிட்டேன். எங்கள் தெருவில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அவரை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “கம்பியெல்லாம் நல்லாயிருக்கு தம்பி. ஆனா ரெண்டாயிரத்து அஞ்சுல கட்டின பெட்டிக்கு ஏன் அரக்கு அடிச்சீங்க?” என்றார். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெட்டி கட்டிய வருடம். கடைசி மூன்றும் அதன் வகை, 201 முதல் 400 வரை ஸ்லீப்பர். 2005-ல் கட்டிய பெட்டி நீலமாக வந்திருக்கும். பத்து நிமிடம் முன்னால் அவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காததற்குக் காரணம் நேரமின்மை இல்லை, எனக்கே எல்லாம் தெரியும் என்ற எண்ணம்தான். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிடு. அவர் போய்விட்டார். அவர் சொல்லி நான் செய்த பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன.

3. இரண்டு முறை அளந்தபின் வெட்டு. எச்.ஓ. அளவு என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், அதாவது உன் மேசையில் 245 மில்லிமீட்டர். கணக்கு சுலபம். எதை அளந்த எண் என்று கேட்டுக்கொள்வதுதான் கடினம். டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினின் நீளம் 17.12 மீட்டர் என்று எங்கோ படித்து, அந்த நீளத்துக்கே உடலை அறுத்தேன். அது இரண்டு பக்க பஃபரையும் சேர்த்த நீளம். என் எஞ்சின் ஒரு விரற்கடை நீண்டு, அசல் எஞ்சினின் அந்தக் கட்டுமஸ்தான தோற்றமே போய்விட்டது. அறுத்த பிளாஸ்டிக் ஒட்டினாலும் தழும்பு போகாது.

4. சில குறைகளை மனமறிந்து ஏற்றுக்கொள். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். எச்.ஓ. அளவில் அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். கடையில் வாங்கும் தண்டவாளமோ 16.5. சக்கரங்கள் உள்வாங்கித்தான் தெரியும். அதைச் சரிசெய்யப் போனால் தண்டவாளத்திலிருந்து எல்லாவற்றையும் நீயே செய்ய வேண்டும். செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆரம்பத்திலேயே அதில் இறங்காதே. ஒரு பெட்டியைக்கூட முடிக்காமல் ஓய்ந்துபோவாய்.

5. பெயின்டுக்கு அவசரம் ஆகாது. ஐப்பசி மழையில் மேல்பூச்சு வார்னிஷ் அடித்தேன், மறுநாள் வீட்டுக்கு வரும் ஒருவருக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக. காற்றின் ஈரம் இறங்கி, நீலப் பெட்டி முழுக்க வெண்புகை படிந்ததுபோல் ஆனது. வெயில் வரட்டும் என்று நான்கு நாள் பொறுத்திருக்கலாம். காட்டும் ஆசை கையைத் தள்ளும், கண்ணு. அடிக்கும்போது ஜன்னலைத் திறந்துவை, முகக்கவசம் போடு. நுரையீரல் ஒன்றுதான்.

6. எதையும் முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பார். பழைய பெயின்டை எடுக்கத் தின்னரால் துடைத்தேன், கூரையின் மூலையே உருகியது. பெட்டியின் அடிப்பகுதியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருந்தால் போதும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்தால் பெரும்பாலான பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தொடாமல் இளகும். அதையும் சோதித்தே செய்.

7. அழகு பார்த்துவிட்டு ஓட்டத்தை மறக்காதே. 245 மில்லிமீட்டர் பெட்டி இறுக்கமான வளைவில் தடம் புரளும், பக்கத்துத் தண்டவாளத்து ரயிலையும் இடிக்கும். எடை குறைந்தாலும் புரளும். உள்ளே கொஞ்சம் எடை வை, சக்கரம் சுலபமாய்ச் சுற்றுகிறதா பார்.

8. மாற்றியதை மாற்றியது என்றே சொல்லி விற்க வேண்டும். பழைய, அரிதான மாடல் கிடைத்தால் அதில் கத்தி வைக்காதே. ஒருவர் தன் அப்பாவின் எஞ்சினைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அதில் தேய்ந்த எழுத்தெல்லாம் அவர் அப்பாவின் விரல் பட்டுத் தேய்ந்தது. நான் அழகுபடுத்துவதாக எண்ணி எல்லாவற்றையும் துடைத்து, புது பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகிறது. திருத்து என்று யார் சொன்னாலும், எதைத் தொடக்கூடாது என்று முதலில் கேள்.

9. உன் முதல் பெட்டியை எறிந்துவிடாதே. என்னுடையது இன்னும் அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. இடப்பக்கம் ஐந்தாவது ஜன்னல் சாய்ந்திருக்கிறது, எண் பிசகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வீட்டில்தான் இருப்பேன். உன் பெட்டியை எடுத்துக்கொண்டு வா, பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.