பழைய சரக்கு வண்டிக்கு உதிரிப் பாகம் தேடும் முறை

கிராமத்தில் விளையும் காய்கறியும், கறக்கும் பாலும், அரவைக்குச் செல்லும் நெல்லும் உரிய காலத்தில் சந்தையை அடைவதற்கு இன்று பெரிதும் துணை நிற்பவை ‘பிக்கப்’ என்று வழங்கும் சிறு சரக்கு வண்டிகளேயாகும். புது வண்டி வாங்கும் வசதி எல்லா விவசாயிகளுக்கும் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய வண்டியை வாங்கி, அவ்வப்போது பழுது பார்த்துக் காலம் தள்ளுவோரே மிகுதி. இத்தகைய வண்டியில் ஒரு பாகம் உடைந்து நின்றுவிட்டால், பறித்த கத்தரிக்காய் அது சீராகும் வரை காத்திருக்காது. புதிய பாகமோ விலை கூடுதல். சில பழைய மாதிரிகளுக்குக் கிடைப்பதும் அரிது. ஆகவே விவசாயி காயலான் கடையை நாடுகிறார்.

அங்கே பார்த்து வாங்கத் தெரிந்தவருக்குப் பணம் மிச்சமாகும். தெரியாதவருக்குப் பணமும் போய், சில சமயம் உயிருக்கும் ஆபத்து நேரும். எந்தப் பாகத்தைப் பழையதாக வாங்கலாம், வாங்குமுன் அதை எவ்வாறு சோதிக்கலாம், என்ன ஆவணம் பெற வேண்டும் என்ற மூன்றையும் இப்பாடத்தில் காண்போம்.

பாகங்கள் வரும் வழி

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அதிகாரிகள் கிராமங்களுக்கு வந்து சேர ஜீப்பு வண்டிகள் உதவின. அத்தகைய அரசாங்க வண்டிகள் உழைத்து ஓய்ந்தபின் கழிக்கப்பட்டு, ஏலத்தில் விற்கப்பட்டன. அவற்றுட் பல பின்னர் உடைக்கப்பட்டு, அவற்றின் பாகங்கள் வேறு வண்டிகளில் ஏறின. இன்றும் விபத்தில் சிக்கியவை, வெள்ளத்தில் மூழ்கியவை, வயதாகிக் கழிக்கப்பட்டவை எனப் பலவகை வண்டிகளின் பாகங்கள் விற்பனைக்கு வருகின்றன. சென்னையில் புதுப்பேட்டை இவ்வியாபாரத்துக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம். பிற நகரங்களிலும் இத்தகைய கடைகள் உண்டு. ஒரு பாகம் எவ்வகை வண்டியிலிருந்து வந்தது என்று கேட்டறிவதே வாங்குபவரின் முதற் கடமை.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

உடைந்த பாகத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். வண்டியின் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் கேட்பது போதாது. ஒரே பெயருள்ள வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு எஞ்சினும் கியர் பெட்டியும் மாறியிருக்கக்கூடும். எடுத்துச் செல்ல இயலாத பெரிய பாகமாயின், அதன்மேல் வார்க்கப்பட்டுள்ள எண், துளைகளின் எண்ணிக்கை, துளைக்குத் துளை உள்ள தூரம், தண்டின் முனையிலுள்ள பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றின் நகலும் கையில் இருத்தல் நலம். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் எண்ணைக் கொண்டு வண்டியின் சரியான மாதிரியை அறியலாம்.

பழைய ஜீப்பு வகைகளில் அங்குல அளவுத் திருகுகளும், பிற்கால வண்டிகளில் மில்லிமீட்டர் அளவுத் திருகுகளும் உள்ளன. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். ஆகவே 12 மில்லிமீட்டர் போல்ட்டு அரை அங்குல மரையில் நுழைவது போலத் தோன்றும். முடுக்கும்போது பிடிப்பின்றிப் பல் அறுந்துவிடும். அளவு நாடா, வெர்னியர் காலிபர், கைவிளக்கு, காந்தத் துண்டு, கந்தைத் துணி, சாக்குக்கட்டி ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொள்வது பயன் தரும்.

மூன்று வகைப் பாகங்கள்

இந்தப் பாகம் ஓடும்போது தவறினால் என்ன நேரும் என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பாகங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கண்ணால் பார்த்தே வாங்கத்தக்கவை. கதவு, பின்பலகை, பானெட்டு, பம்பர், விளக்குக் கூடு, இருக்கைச் சட்டம், கண்ணாடி ஏற்றும் கருவி முதலியவை இதில் அடங்கும். இவற்றின் குறை வெளியே தெரியும். தவறினாலும் பெருந்தீங்கு இல்லை. புதியதற்கும் பழையதற்கும் உள்ள விலை வேறுபாடு முழுவதும் இங்கே இலாபம்.

இரண்டாம் வகை, சோதித்து வாங்கத்தக்கவை. எஞ்சின் பிளாக்கு, ஹெட்டு, கியர் பெட்டி, பின் அச்சு, பிரேக் டிரம், பட்டை ஸ்பிரிங், ரேடியேட்டர், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் ஆகியவை இவ்வகை. அண்மைக்கால வண்டிகளில் உள்ள மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை, பாக எண் எழுத்துப் பிசகாமல் ஒத்திருந்து, பொருந்தாவிடில் திரும்பப் பெறுவதாகக் கடைக்காரர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்க வேண்டும்.

மூன்றாம் வகை, பழையதாக ஒருபோதும் வாங்கலாகாதவை. பிரேக் லைனிங், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், பிரேக் ரப்பர்க் குழாய், ஸ்டியரிங்கின் பால் ஜாயின்ட்டு, டை ராட் முனை, டயர், இருக்கை வார் ஆகியவை இதில் சேரும். இவற்றின் தேய்மானம் உள்ளே மறைந்திருக்கும். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கெடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கமுள்ள ஓர் எண் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் தேயாத டயராயினும், ஆண்டு பல கடந்ததாயின் அதை நம்பிப் பாரம் ஏற்றுவது தகாது. நிறைபாரத்துடன் இறக்கத்தில் வரும் வண்டிக்கு, இந்த மூன்றாம் வகையில் செய்யும் சிக்கனம் சிக்கனமே அன்று.

இதனோடு மற்றொரு கணக்கும் உண்டு. பாகத்தின் விலையைவிட அதைக் கழற்றி மாட்டும் கூலி பெரிதாக இருப்பின் அங்கும் பழையது இலாபம் தராது. கிளட்ச் பேரிங்கும் ஆயில் சீலும் சிறு விலைப் பொருள்கள். ஆனால் அவற்றை மாற்றக் கியர் பெட்டி முழுவதையும் இறக்க வேண்டும். பழைய பேரிங்கு மூன்று மாதத்தில் கூச்சலிட்டால் அதே கூலியை மறுபடியும் தர நேரும். எனவே பழைய கியர் பெட்டியை வாங்கினாலும், அதை ஏற்றுமுன் சீலையும் கிளட்ச் பேரிங்கையும் புதிதாகப் போடுவதே முறை.

சோதனைகள்

பிரேக் டிரம்: பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பது போலவே இதையும் பார்க்கலாம். டிரம்மைக் கயிற்றிலோ கம்பியிலோ தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். பிறகு உள்விட்டத்தை இரண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். பல டிரம்களில் கடைசி அளவு அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கடந்ததை மறுபடியும் கடைசல் பிடிக்க இயலாது.

எஞ்சின் பிளாக்கு, ஹெட்டு: ஐயமுள்ள இடத்தை மண்ணெண்ணெயால் நனைத்து, சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் சாக்குக்கட்டியைத் தேய்க்க வேண்டும். விரிசல் இருந்தால், அதனுள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெண்மையின்மேல் கோடாகத் தோன்றும். சிலிண்டர்களுக்கு இடையிலும், வால்வு அமரும் இடங்களிலும் இதைச் செய்வது அவசியம். ஹெட்டின் அடிப்பரப்பு கோணியிருக்கிறதா என்பதை லேத் பட்டறையில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துவிடலாம்.

கியர் பெட்டி: அடித்திருகைக் கழற்றி எண்ணெயை விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும். பளபளக்கும் துகள்கள் மிகுந்திருந்தாலும், காந்தத்தில் பல் துண்டு ஒட்டினாலும் அதை விட்டுவிடலாம். ஒவ்வொரு கியரிலும் போட்டுத் தண்டைக் கையால் சுற்றி, தட்டுத் தடங்கலின்றிச் சுற்றுகிறதா என்றும், தண்டு மேலும் கீழும் ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்தண்டின் பற்களின் எண்ணிக்கை நமது கிளட்ச் தட்டின் பற்களுக்குச் சரியாக இருத்தல் வேண்டும்.

பின் அச்சு: கிரவுன் சக்கரத்தின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவது இதன் விகிதம். பழைய ஜீப்புகளில் காணும் 43க்கு 8 என்ற இணையின் விகிதம் 5.38, 39க்கு 8 என்பதன் விகிதம் 4.88. விகிதம் பெரிதாயின் இழுவை கூடும், வேகம் குறையும். பெட்டியைத் திறக்காமலே இதை அறியலாம். ஒரு பக்கத்து டிரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்து டிரம்மை இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போது பினியன் முனை எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதமாக இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் ஒன்றையொன்று இழுத்துப் பற்கள் உடையும். கிரவுனும் பினியனும் இணையாகத் தேய்ந்து பழகியவை. ஒன்றை ஓரிடத்திலும் மற்றதை வேறிடத்திலும் வாங்குவது வீண்.

பட்டை ஸ்பிரிங்: நடுத்துளையைச் சுற்றி விரிசல் உண்டா என்று பார்த்து, வளைவை நமது நல்ல பக்கத்து ஸ்பிரிங்கோடு ஒப்பிட வேண்டும். வெல்டிங் வைத்த பட்டையை வாங்கலாகாது. சூட்டினால் எஃகின் பதம் போய்விட்டிருக்கும்.

மின்கருவிகள்: 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முதலில் அறிய வேண்டும். செல்ஃப் மோட்டாரைக் கடையிலேயே பாட்டரி கொடுத்துச் சுற்றச் செய்யலாம். ஆல்டர்னேட்டரை வண்டியில் மாட்டியபின், எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை காட்டினால் 12 வோல்ட்டு வண்டிக்கு அது நன்றாக வேலை செய்கிறது எனலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் சூழ்ந்தபோது ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன. இவ்வகை வண்டிகளின் கதவும் சட்டமும் உதவலாம். மின்கருவிகளையும் பேரிங்குகளையும் தவிர்ப்பது நலம். விளக்குக் கூட்டினுள் படிந்த வண்டல், இருக்கை அடியில் ஒரே மட்டத்தில் ஓடும் துருக்கோடு, செம்புக் கம்பி முனையில் பூத்த பச்சைக் களிம்பு ஆகியவை நீரில் மூழ்கியதற்கு அடையாளங்கள்.

ஆவணமும் சட்டமும்

மலிவாகக் கிடைக்கும் பாகம் களவு போன வண்டியினதாக இருக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரின் சோதிகஞ்ச் சந்தை, திருட்டு வண்டிகள் உடைக்கப்படும் இடமெனப் பெயரெடுத்து, 2021 டிசம்பரில் காவல் துறையினரால் மூடப்பட்டது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 317ஆம் பிரிவின்படி குற்றமாகும். களவு கொடுத்தவரும் நம்மைப் போல் ஒரு விவசாயியாக இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எனவே கடையின் பெயர், தேதி, பாகத்தின் விவரம் அடங்கிய பில்லின்றி எதையும் வாங்கலாகாது. எண்ணை அரத்தால் தேய்த்து அழித்த எஞ்சினையும், எண் இருக்க வேண்டிய இடம் வெட்டப்பட்ட சேசிஸ் துண்டையும் தொடவே வேண்டாம். எஞ்சின் முழுவதையும் மாற்றுவோர், முன்னதாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, புதிய எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து வண்டிகள்

குப்பை அள்ளவும் குடிநீர் கொண்டுசெல்லவும் பஞ்சாயத்து வைத்துள்ள வண்டி பொதுச்சொத்து. அதற்குப் பழைய பாகம் வாங்குவதாயின், பாகம் எவ்வகையது, ஏன் புதியது வாங்கவில்லை, யார் சோதித்தார் என்பன மன்றத் தீர்மானத்திலும் வண்டிப் பதிவேட்டிலும் எழுதப்பட வேண்டும். மூன்றாம் வகைப் பாகங்கள் எதற்கும் மன்றம் இசைவு தரலாகாது. அவ்வண்டியில் செல்லும் தொழிலாளரின் உயிருக்கு மன்றமே பொறுப்பு.

அரசாங்கங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் சொந்தமான வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளில் முடிவுறும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அவ்வயதை நெருங்கும் வண்டிக்கு எஞ்சின், கியர் பெட்டி போன்ற பெருஞ்செலவு செய்யுமுன், பதிவு முடியும் நாளைப் பார்ப்பது அறிவுடைமை. வண்டிகளை உடைப்பதற்கு 2021ஆம் ஆண்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டு, பதிவு பெற்ற நிலையங்கள் ஏற்பட்டுள்ளன. அங்கே வண்டியை ஒப்படைத்தால் உரிமையாளருக்குச் சான்று கிடைக்கும். ஏலத்தில் எடுத்த வண்டியை ஊர்ப் பொதுவிடத்தில் வைத்து உடைத்து, எண்ணெயும் பாட்டரி அமிலமும் மண்ணில் இறங்க விடுவதைப் பஞ்சாயத்து தடுக்க வேண்டும். அந்த மண்ணின் கீழேயே நமது குடிநீர் இருக்கிறது.

கடை முற்றத்தில் எச்சரிக்கை

ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் அடியில் புகுந்து பாகம் கழற்ற முற்படுவது பேராபத்து. கனத்த மரக்கட்டைகளின்மேல் வண்டி அமர்ந்திருந்தாலன்றி அடியில் செல்லலாகாது. செருப்புக் காலோடு தகடுகளின்மேல் நடப்பதும், எண்ணெய்த் தொட்டிக்கு அருகே புகை பிடிப்பதும் தவிர்க்கத்தக்கவை.

மன்றங்களில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நமது ஊரிலுள்ள சரக்கு வண்டிகள் எந்தெந்த மாதிரியைச் சேர்ந்தவை? ஒரே மாதிரி வண்டி வைத்திருப்போர் சேர்ந்து சென்று பாகம் வாங்கினால் செலவு எவ்வளவு குறையும்?

2. கடந்த ஓராண்டில் பஞ்சாயத்து வண்டிக்கு மாற்றிய பாகங்களில் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை எவை? அவை புதியவையா?

3. வாங்கிய பாகங்களுக்கெல்லாம் பில் உள்ளதா? இல்லையெனில் இனி அதை உறுதி செய்யும் பொறுப்பு யாருடையது?

4. வண்டி உடைப்பதால் கழியும் எண்ணெயும் பாட்டரியும் நமது ஊரில் எங்கே போய்ச் சேருகின்றன?