அடி எடுத்துக் கொடுத்தவர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து நாட்டுப்புறப் பாடல் குழு தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். படித்து மகிழ்ந்தேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். புகழ்பெற்ற ஒருவர் மேடையேறிப் பாடுவதால் மக்கள் பாட்டு பிழைக்குமா, கெட்டுப்போகுமா? இதற்குப் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அமெரிக்கப் பாடகர் பீட் சீகர். 1919இல் பிறந்து, 2014இல் தமது 94ஆம் வயதில் மறைந்தவர். அமெரிக்க நாட்டுப்புற இசை மறுமலர்ச்சியில் அவர் கைபடாத இடம் குறைவு.

சீகர் வயற்காட்டில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர் இல்லை. நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா இசை ஆய்வாளர். அம்மா செவ்வியல் வயலின் கலைஞர். 1936இல் வட கரோலினாவின் ஆஷ்வில் ஊரில் நடந்த நாட்டுப்புற இசை விழாவுக்கு அப்பாவோடு போன இடத்தில், மலைநாட்டு மக்கள் ஐந்து தந்தி பாஞ்சோ வாசிப்பதைக் கேட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியே அமெரிக்காவில் வேர்விட்ட கருவி அது. நகரங்களில் அப்போது ஏறக்குறைய வழக்கொழிந்திருந்தது. அன்று பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை. ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டுப்பாடல் காப்பகத்தில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸுக்கு உதவியாளராகச் சேர்ந்து, சிறையிலும் பண்ணையிலும் சுரங்கத்திலும் பதிவான இசைத்தட்டுகளைக் கேட்டார். 1940இல் நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியைச் சந்தித்து, அவரோடு ஊர் ஊராகத் திரிந்தார். மேடையில் பெயரெடுப்பதற்கு முன்பு சீகர் செய்தது இதுதான்: ஆண்டுக்கணக்கில் காதுகொடுத்துக் கேட்டது.

1948இல் மூன்று நண்பர்களோடு 'வீவர்ஸ்' குழுவைத் தொடங்கினார். 1950இல் அவர்கள் வெளியிட்ட 'குட்நைட் ஐரீன்' 13 வாரம் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. அது லெட்பெல்லி என்ற கறுப்பினக் கலைஞரின் பாட்டு. லூசியானா சிறையில் இருந்தபோது லோமாக்ஸ் குடும்பத்தார் அவர் குரலில் பதிவு செய்தது. வீவர்ஸ் பாடியபோது பின்னணியில் வயலின்கள் கூட்டமாக ஒலித்தன. மூலப்பாட்டின் கரகரப்பு போய்விட்டது என்று அன்றைக்கே குறை சொன்னார்கள். அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் அந்தத் தட்டு இல்லையென்றால் லெட்பெல்லியைத் தேடிப்போகும் ஒரு தலைமுறை அவ்வளவு சீக்கிரம் உருவாகியிருக்காது. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. லெட்பெல்லி 1949 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். தம் பாட்டு நாடெங்கும் ஒலித்ததைக் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வீவர்ஸின் புகழ் நீடிக்கவில்லை. சீகர் இளம் வயதில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். நாட்டில் கம்யூனிச எதிர்ப்பு வேட்டை தொடங்கியதும் குழுவுக்கு மேடைகள் மூடின, ஒப்பந்தங்கள் ரத்தாயின. 1955இல் நாடாளுமன்றக் குழு அவரை அழைத்து விசாரித்தது. எங்கே பாடினாய், யாருக்காகப் பாடினாய் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று பதில் சொல்ல மறுத்தார். பாடல்களைப் பாடிக் காட்டச் சம்மதம் என்றார். அவமதிப்பு வழக்கில் 1961இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் 1967 வரை அவரை உள்ளே விடவில்லை.

தம்பி, இந்த இடத்தைக் கவனி. பெரிய அரங்குகள் மூடியதால் அவர் கல்லூரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சிறுவர்களின் கோடை முகாம்களுக்கும் போனார். சொற்பப் பணத்துக்குப் பாடினார். அங்கே உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள்தாம் சில ஆண்டுகளில் கிதாரும் பாஞ்சோவும் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். பின்னாளில் புகழ்பெற்ற பாடகியான ஜோன் பயஸ் தமது 13ஆம் வயதில் சீகரின் கச்சேரியைக் கேட்டவர். 1958இல் 'டாம் டூலி' பாட்டால் புகழின் உச்சிக்குப் போன கிங்ஸ்டன் ட்ரியோ குழுவின் டேவ் கார்ட், சீகர் எழுதிய புத்தகத்தை வைத்துப் பாஞ்சோ கற்றவர்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து தந்தி பாஞ்சோ வாசிப்பது எப்படி என்று விளக்கும் கையேடு. 1948இல் சீகரே எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து வெளியிட்டார். அதில் வரும் அடிப்படை வாசிப்பு முறை எளிமையானது. ஆள்காட்டி விரலால் ஒரு தந்தியை மேல்நோக்கிச் சுண்ட வேண்டும். பிறகு மற்றொரு விரலின் நகத்தால் தந்திகளைக் கீழ்நோக்கி வருட வேண்டும். உடனே கட்டைவிரல் ஐந்தாம் தந்தியைத் தட்ட வேண்டும். நெடில் ஒன்று, குறில் இரண்டு: தாம் - தக, தாம் - தக. ஐந்தாம் தந்தி மற்றவற்றைவிடக் குட்டையானது. நம் தம்பூரின் சுருதி போல ஒரே சுரத்தில் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். குருவின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பிடிபடும் என்றிருந்த வித்தையை, சில பக்கங்களில் யாருக்கும் எட்டும்படி வைத்துவிட்டார்.

மேடையிலும் அதே குணம். பாஞ்சோ தாளம் நிற்காது. கூட்டம் ஓர் அடியைப் பாடி முடிக்கும். அடுத்த அடி தொடங்குவதற்குள் கிடைக்கும் சிறு இடைவெளியில், அந்த அடியின் சொற்களை வேகமாகப் பேச்சாகச் சொல்லிவிடுவார். பாட்டே தெரியாதவர்களும் தடுமாறாமல் பாடினார்கள். கட்டைக் குரல்காரர்களுக்கு ஒரு பகுதி, உச்சக் குரலுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் அரங்கம் முழுவதும் பல குரலில் பாடிக்கொண்டிருக்கும். அடி எடுத்துக் கொடுப்பது என்று நாம் சொல்கிறோமே, அதைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் செய்தார். அவருடைய செல்வாக்கு இவ்வளவு காலம் நீடித்ததற்குக் காரணம் அதுவே என்பது என் உறுதியான எண்ணம். குரலைக் கேட்டு ரசித்த தலைமுறை மறைந்தால் குரலின் புகழும் குறையும். தானே பாடிப் பழகிய தலைமுறை தன் பிள்ளைகளுக்கும் பாட்டைக் கொடுத்துவிட்டுப் போகும்.

'வி ஷல் ஓவர்கம்' பாட்டின் பயணம் இதற்குச் சான்று. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரப் புகையிலை ஆலையில் 1945-46இல் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் பாடியது அது. அவர்களிடமிருந்து டென்னசி மாநிலத்தின் ஹைலாண்டர் பள்ளியில் இருந்த ஜில்ஃபியா ஹார்ட்டன் கற்றார்; அவரிடமிருந்து 1947இல் சீகர் கற்றார்; 1960இல் கை கராவன் என்ற பாடகர் அதைக் கறுப்பினத்தவரின் சம உரிமைக்காகப் போராடிய மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சங்கிலியில் சீகர் ஒரு கண்ணி மட்டுமே. அதைத் தம் பாட்டு என்று அவர் சொந்தம் கொண்டாடவில்லை. பாட்டின் உரிமைத்தொகை ஹைலாண்டர் வழியாக மக்கள் பணிகளுக்குப் போக ஏற்பாடு செய்தார்கள்.

எல்லாப் பாட்டுக்கும் இந்த நியாயம் கிடைக்கவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வீவர்ஸ் பாடிப் பிரபலமாக்கிய 'விமோவே', தென்னாப்பிரிக்காவின் ஜூலு பாடகர் சாலமன் லிண்டா 1939இல் பதிவுசெய்த 'ம்பூபே'. தட்டைக் கேட்டு எழுதும்போது சீகரின் காதில் சொல் மாறி விழுந்து, அந்தப் பெயர் வந்தது. பிறகு அதே மெட்டில் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' வந்து உலகெங்கும் பணம் கொழித்தது. லிண்டாவோ 1962இல் வறுமையில் இறந்தார். சீகர் லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பியிருந்தார். மேற்கொண்டும் பணம் போகிறது என்று நம்பியிருந்தார். உரிய ஒப்பந்தத்தைச் சரிபார்க்கத் தவறியதற்குப் பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார். லிண்டாவின் குடும்பத்துக்கு உடன்பாட்டின் மூலம் உரிய பங்கு கிடைத்தபோது ஆண்டு 2006. நல்ல மனம் மட்டும் போதாது. கணக்கும் எழுத்தும் வேண்டும்.

பாட்டைத் தந்தவரை மதிப்பது எப்படி என்பதையும் சீகரிடம் பார்க்கலாம். 1965-66இல் அவர் ஒரு சிறிய தொலைக்காட்சி நிலையத்தில் 'ரெயின்போ குவெஸ்ட்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். அதற்கு வந்தவர்களில் ஒருவர் எலிசபெத் காட்டன். சீகரின் தந்தை வீட்டில் வேலை செய்த கறுப்பின மூதாட்டி. இடக்கைக்காரர் என்பதால் கிதாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ்ச் சுரங்களையும் மீட்டுவார். அவர் வாசிக்கும்போது சீகர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். முகத்தில் அப்படியொரு மரியாதை.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: புகழ்பெற்றவர் பாடுவதால் மக்கள் பாட்டு கெடுவதில்லை. கேட்டவரைப் பாடவிடாமல் வாயடைக்கச் செய்தாலும், கொடுத்தவரை மறந்தாலும்தான் கெடும். உன் குழுவுக்கு நான் சொல்வது இவ்வளவே. ஒரு பாட்டைக் கற்றால் யாரிடம், எந்த ஊரில், எப்போது என்று அன்றைக்கே நோட்டில் எழுதி வை. மேடையில் பாடுமுன் அந்தப் பெயரைச் சொல். பணம் வந்தால் அவர் பங்கை எழுத்துமூலம் முடிவு செய்துகொண்டு, தவறாமல் கொண்டுபோய்க் கொடு. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கூட்டம் சேர்ந்து பாடும்படி ஒரு பாட்டாவது இருக்கட்டும். பாட்டைத் தந்தவர் வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரையே மேடைக்கு அழைத்து நடுவில் உட்கார வை. அவர் பாடட்டும், நீங்கள் பின்பாட்டுப் பாடுங்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்