தாத்தாவின் ஸ்வெட்டரைப் பிரிக்கும் முன்

தருமபுரி

அன்புள்ள கயலுக்கு,

தாத்தா பட்டாளத்தில் இருந்தபோது ஆயா கையால் பின்னி அனுப்பிய ஸ்வெட்டரைப் பிரித்து, பெங்களூர்க் குளிருக்குச் சால்வை பின்னலாமா, அது பாவமில்லையா என்று கேட்டிருந்தாய். டிரங்குப் பெட்டியில் பூச்சி அரிக்க விடுவதுதான் பாவம். தாராளமாகப் பிரி.

நம் மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கைக் கேள்விப்பட்டிருப்பாய். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் மலைமக்களுக்காக மருத்துவப் பணி தொடங்கிய இடம். அங்கே லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கிட்டத்தட்ட வழக்கொழிந்திருந்தது. நினைவில் வைத்திருந்த மூத்த பெண்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, ‘போர்கை’ என்ற அமைப்பு உருவானது. அவர்கள் அந்தத் தையலைக் கண்ணாடிப் பேழையில் வைக்கவில்லை. புதுத் துணியில் போட்டு விற்றார்கள். எனக்குப் பிடித்தது அந்தத் துணிச்சல்தான்.

முதலில், அது கம்பளிதானா என்று பார். ஒரு துணுக்கு நூலைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துக் கொளுத்து. முடி கருகும் நாற்றம் வந்து சாம்பல் உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக். அடுத்து, ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பு. ஓரங்கள் வெட்டித் தைத்தவையாக இருந்தால் நூல் துண்டு துண்டாகத்தான் வரும், விட்டுவிடு. ஆயா பின்னியது அப்படி இருக்காது. தையலை மட்டும் அறுத்துவிட்டு, பின்னி முடித்த முனையைக் கழுத்துப் பக்கம் தேடு. அங்கிருந்துதான் சரசரவென்று பிரியும்.

பிரித்த நூல் சுருள்சுருளாக நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டு. வெதுவெதுப்பான நீரில் துளி ஷாம்பு விட்டு ஊறவை. கொதிநீரும் கசக்கலும் கம்பளியைத் திரட்டிக் கட்டியாக்கிவிடும். பிழியாமல் நிழலில் தொங்கவிட்டால் சுருள் நிமிரும்.

முழங்கைப் பகுதி நூலை இழுத்துப் பார். அறுந்தால் தயவு பாராமல் எறி. தாத்தா போட்டது என்பதற்காக நைந்த நூல் உறுதியாகிவிடாது. தையலுக்குள் மறைந்திருந்த நூல் வெயில் படாமல் கருத்த நிறத்தில் இருக்கும். அதை ஒரே இடத்தில் குவிக்காமல் கலந்து பின்னு. கம்பளியென்றால் முடிச்சும் வேண்டாம். இரு முனைகளையும் பிரித்து ஈரமாக்கி உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

சால்வை துவள வேண்டும். ஸ்வெட்டருக்கு 8ஆம் எண் ஊசி, அதாவது 4 மி.மீ., போட்டிருந்தால், நீ 6ஆம் எண், 5 மி.மீ. எடு. நம் ஊர்ப் பழைய கணக்கில் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும். நூல் எவ்வளவு தேறும் என்று தெரியாததால் முக்கோணமே நல்லது. மூன்று கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு வரிசைத் தொடக்கத்திலும் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போ. நூல் தீரும் இடத்தில் நிறுத்தலாம். முடிக்கும் வரிசைதான் மிக நீளமானது, அதன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூலை முன்கூட்டியே ஒதுக்கி வை. அங்கே இறுக்கி முடித்தால் சால்வை சுருங்கி நிற்கும், கையைத் தளர்த்தியே முடி.

அன்புடன்,
அத்தை