மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு

கண்ணு, டிகிரி முடியப்போகிறது. எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.டெக். என்று வெளியூர் போய்ப் படிக்கும் ஆசை உனக்குள் வந்துவிட்டது. வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பல்லடத்தைச் சுற்றித் தறிச்சத்தத்துக்கு நடுவே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கல்லூரியில் பாடம் சொன்னவள் நான். ஓய்வுபெற்ற பிறகும் விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வரும் பிள்ளைகள் குறையவில்லை. மார்க் குறைந்து இடத்தை இழந்தவர்களை விட, கூச்சத்தாலும் தாமதத்தாலும், தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லத் தயங்கியும் இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

1. எதற்காகப் போகிறாய் என்பதை முதலில் உனக்கு நீயே ஒளிக்காமல் சொல்லிக்கொள். வேலை கிடைக்கவில்லை, கூடப் படித்தவர்கள் போகிறார்கள், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்: இவையும் காரணங்கள்தாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்யாணப் பேச்சை இரண்டு வருடம் தள்ளிப்போட எம்.எஸ்சி. சேர்ந்து, அங்கே பாடத்தில் மனம் ஒட்டி, ஆராய்ச்சி வரை போன பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காரணம் உன்னை வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே உட்கார்ந்து படிக்க உனக்கென்று ஒரு கேள்வி வேண்டும். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் முதலில் மருத்துவராக நினைத்தவர். 1943 வங்கப் பஞ்சம் மனதை மாற்ற, கோவை வேளாண் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். பிறகு ஐ.பி.எஸ். வேலை கைக்கு வந்தும் அதை விட்டுவிட்டு, 1949-ல் யுனெஸ்கோ உதவித்தொகையில் மரபியல் படிக்க நெதர்லாந்து போனார். சோறில்லாமல் ஜனங்கள் செத்த சேதிதான் அவருடைய கேள்வி. உன்னுடையது இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, உன்னுடையதாக இருந்தால் போதும்.

2. "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதே. நம் பக்கத்துப் பிள்ளைகளை இந்த ஒரு வார்த்தை கெடுத்த மாதிரி வேறெதுவும் கெடுக்கவில்லை. திருப்பூர் சிக்கண்ணா கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. கல்லூரியிலோ எம்.ஏ. சேர, ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பித்தால் போதும். அந்தப் பழக்கத்தில் வெளியையும் அப்படியே நினைத்துவிடுகிறோம். எம்.டெக்.குக்கான கேட் தேர்வுக்கும், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வுக்கும் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும், பரீட்சை பிப்ரவரியில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022-ல் வந்த க்யூட் பி.ஜி. இப்போது மார்ச் வாக்கில் நடக்கிறது. அதற்குப் பனிக்காலத்திலேயே பதிவு செய்ய வேண்டும். ஆக, கடைசி வருடம் தொடங்கும்போதே நீ கிளம்பியிருக்க வேண்டும். விதைக்கிற நாளில் ஊர் சுற்றிவிட்டு அறுப்பு நாளில் அரிவாள் தீட்டி என்ன பயன் என்பாள் எங்கள் அப்பத்தா. தேதி வருடத்துக்கு வருடம் முன்பின் ஆகும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பாமல் அந்தந்தத் தளத்தில் நீயே போய்ப் பார்.

3. விண்ணப்பத்தை உன் கையாலேயே நிரப்பு. நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நிரப்பச் சொன்னாள். அவசரத்தில் கடைக்காரர் தன் ஈமெயிலையும் தன் செல் நம்பரையும் போட்டுவிட்டார். கலந்தாய்வுக்குக் கூப்பிட்ட கடிதம் அந்தக் கடை ஈமெயிலில் நூறு கடிதங்களுக்கு அடியில் கிடந்தது. அவள் பார்த்தபோது கட்டணம் கட்டும் நாள் கடந்துவிட்டது. கடைக்காரர் கெட்டவர் இல்லை, அவருக்கு அன்று நாற்பது பேர். உனக்கு இது ஒன்றுதான். கம்ப்யூட்டர் இல்லையென்றால் கடையில் வாடகைக்கு உட்கார். ஆனால் ஈமெயில் உன்னுடையது, பாஸ்வேர்டு உன்னுடையது, கடைசிப் பொத்தானை அழுத்தும் விரலும் உன்னுடையதாக இருக்கட்டும். அனுப்பியதை பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்.

4. காகிதங்களை முன்கூட்டியே சேர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் ஒரு எழுத்தாக இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். விண்ணப்பமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுது, முடிந்தால் இப்போதே திருத்து. இன்னொன்று: நம் பிள்ளைகள் கையில் இருப்பது மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று. மத்திய நிறுவனங்கள் அதை ஏற்காது. மத்தியப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்று கேட்கும், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக. வருமான வரம்பு வருடம் எட்டு லட்சம்; ஆனால் அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது தெரியாமல், நமக்குக் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்கள் உண்டு. இ-சேவை மையத்தில் கொடுத்துவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடக்க நாள் பிடிக்கும். அங்கே கோபப்படாமல் நிற்கக் கற்றுக்கொள்வதும் படிப்புதான்.

5. ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். எஸ்.ஓ.பி. என்பார்கள். இதில்தான் நான் அதிக நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பொருளாதாரம் படித்த ஒரு பையன் கொண்டுவந்த தாளில், சிறு வயதிலிருந்தே பொருளாதாரத்தில் தனக்குத் தணியாத ஆர்வம் என்று எழுதியிருந்தது. ஆயிரம் பேர் அப்படித்தான் எழுதுவார்கள். தாளை மூடி வைத்துவிட்டு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். கறிக்கோழிப் பண்ணை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் இறக்கும். கொட்டகை, கரண்டு, ஆள் எல்லாம் இவர்கள் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகும் முன் தரையில் தேங்காய் மஞ்சி கிளறிவிடுவது அவன் வேலை. பேசப் பேசக் குரல் மாறியது. கறிக்கோழியின் பண்ணை விலையைத் தினமும் இங்கே பல்லடத்தில் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, ஊரெல்லாம் அதைப் பார்த்துத்தான் விற்கிறது. ஆனால் அந்த விலை எங்கப்பாவுக்குக் கிடையாது, அவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலிதான் என்றான். புரட்டாசியில் சனங்கள் கறி தின்பதைக் குறைத்தால் விலை இறங்கும், கம்பெனி குஞ்சு விடுவதைத் தள்ளிப்போடும், கொட்டகை காலியாகக் கிடக்கும். "விலை இறங்கினா நட்டம் கம்பெனிக்குத்தானேன்னு எல்லாரும் சொல்றாங்க. காலிக் கொட்டகைக்கு வாங்குன கடனுக்கு வட்டி யாருங்க கட்டறது?" என்று கேட்டான்.

இதை எழுது என்றேன். கோழிப் பண்ணையைப் பற்றியா, சிரிக்க மாட்டார்களா என்றான். யாரும் சிரிக்கவில்லை. நேர்முகத்தில் பாதி நேரம் அதைப் பற்றியே கேட்டார்கள். ஒப்பந்தத்தில் ஆபத்தை யார் சுமக்கிறார் என்பது பொருளாதாரத்தில் பெரிய கேள்வி என்று அங்கேதான் அவனுக்குத் தெரிந்தது. இடமும் கிடைத்தது.

ஆகவே கண்ணு, உன் வீட்டுத் தொழிலை ஒளிக்காதே. அதற்காக வறுமையைக் கடை விரித்து இரக்கம் கேட்கவும் செய்யாதே. அது வேறு, இது வேறு. நீ பார்த்தது என்ன, அதில் புரியாதது என்ன, அதைப் புரிந்துகொள்ள இந்தத் துறையில் யாரிடம் என்ன படிக்க வேண்டும்: இதைச் சொல். அந்தத் துறை ஆசிரியர்கள் எழுதிய கட்டுரை ஒன்றையாவது படித்திரு. இப்போது கேட்டால் கம்ப்யூட்டரே ஒரு நிமிடத்தில் எழுதித் தரும் என்கிறார்கள். புரட்டாசி மாதத்துக் காலிக் கொட்டகை அதற்கு எப்படித் தெரியும்?

6. பரிந்துரைக் கடிதம் பெரிய மனிதரிடம் வாங்காதே, உன்னைத் தெரிந்தவரிடம் வாங்கு. எம்.எல்.ஏ.வின் லெட்டர்பேடு அங்கே செல்லாது. பிராக்டிகலில் உன் கணக்கு தப்பியபோது கூட நின்று பார்த்த ஆசிரியர் எழுதும் ஐந்து வரிக்கு எடை அதிகம். நேரில் போய், மூன்று வாரம் முன்னால் கேள். உன் மதிப்பெண், புராஜெக்ட், கடைசித் தேதி எல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடு. முடிவு எதுவானாலும் திரும்பப் போய் அவரிடம் சொல். இடம் கிடைத்த சந்தோஷத்தில் இதை மறந்துபோகிற பிள்ளைகள்தான் அதிகம்.

7. இங்கிலீஷுக்குப் பயப்படாதே. அது பழகினால் வரும். கோதவாடியில் பிறந்து தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, கோவை ஜி.சி.டி.யில் பி.இ.யும் பி.எஸ்.ஜி.யில் எம்.இ.யும் முடித்துத்தான் 1982-ல் இஸ்ரோவுக்குப் போனார். சின்ன வாக்கியமாக எழுது. புரியாத சொல்லை அழகுக்காகப் போடாதே.

8. பணத்தைப் பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேசு. சீட்டு வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்து, கட்டணம் கட்ட நாலு நாள் இருக்கும்போது சொன்னால் அப்பா என்ன செய்வார்? பாவுநூல் வாங்க வைத்திருந்த பணத்தை எடுப்பார், அல்லது முடியாது என்பார். இரண்டும் உனக்குத் தாங்காது. எது எவ்வளவு ஆகும், எங்கே உதவி உண்டு என்று ஒரு தாளில் எழுதி அவர் முன் வை. கேட் மதிப்பெண்ணில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் வரும். வித்யாலட்சுமி தளத்தில் கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கலாம். ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமல் தருவதற்கு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை என்று யாராவது சொன்னால், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அது உண்மைதான். ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவு, சுமார் 12,000 யூரோ, வங்கியில் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று பார். இலவச ஆலோசனை தரும் ஏஜென்சிகளில் பல, கமிஷன் தருகிற கல்லூரிக்கே உன்னை அனுப்பப் பார்க்கும். தூரம் போனால்தான் பெருமை என்றும் இல்லை. மருதமலை அடிவாரத்தில் 1982-லிருந்து இருக்கிற பாரதியார் பல்கலைக்கழகத்தை, பஸ் ஏறினால் வந்துவிடும் இடம் என்பதற்காகவே இளப்பமாக நினைக்காதே. உன் கேள்விக்கு அங்கே ஆசிரியர் இருந்தால் அதுதான் உன் இடம்.

9. இல்லை என்று பதில் வரும். ஒன்றுக்கு மேலும் வரலாம். ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் எஃப்.ஏ. தேறாதவர், சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. தன் கணக்குகளைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியபோது, பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் 1913 ஜனவரியில் அங்கேயே இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்கு எழுதினார். அதே வருடம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. நாமெல்லாம் ராமானுஜன் இல்லை, எனக்குத் தெரியும். மூன்றாவது கடிதத்தை எழுதுவதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு நாள் அழு, பிறகு எந்தப் பகுதி பலவீனம் என்று உன் ஆசிரியரிடம் கேள். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அடுத்த வருடமும் அதைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். நடுவில் ஒரு வருடம் வேலைக்குப் போனால் அது வீணான வருடம் ஆகாது.

10. இரண்டு இடத்தில் கிடைத்தால், ஒன்றை முடிவு செய்த அன்றே மற்றதை முறைப்படி விட்டுக்கொடு. சும்மா இருக்கட்டும் என்று இரண்டையும் பிடித்துக்கொள்ளாதே. காத்திருப்போர் பட்டியலில் காங்கேயத்திலோ தாராபுரத்திலோ ஒரு பிள்ளை தினமும் செல்லைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். விலகுவதாக ஈமெயில் அனுப்பு, கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுது, யு.ஜி.சி. விதிப்படி குறித்த நாளுக்குள் விலகினால் பணம் திரும்ப வர வேண்டும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. தரமாட்டோம் என்றால் அந்த விதியைக் காட்டிக் கேள். சேரப்போகும் இடத்துக்கு டி.சி.யும் புரொவிஷனல் சான்றிதழும் வேண்டும். இப்போது படிக்கும் கல்லூரியின் அலுவலகத்தில் இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடு.